காசல்ரீயில் சரி, கடலில் பிழை: மணல் தேடும் படகில் வரும் கோளாறுகள்

இரவு பத்து மணிக்கு மேல் மாலைதீவிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தால், எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். "அண்ணே, ஆழம் சரியா வருதில்ல." கூப்பிடுகிறவன் நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ பிறந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் என்னோடு படகேறி ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் பழகிய பையனாக இருப்பான். இப்போது அரித்துப்போன ஏதோ ஒரு தீவின் கரையில் கொட்டுவதற்கு மணல் எங்கே கிடக்கிறது என்று கடலடியைத் தேடிக்கொண்டிருப்பான்.

தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு கடல் மணலுக்கு வழி சொல்வதா என்று சிரிப்பவர்கள் உண்டு. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற காசல்ரீயில் அலை இல்லை, உப்பு இல்லை, வற்றுப்பெருக்கு இல்லை. கருவி பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. கோளாறு தொடங்குவதும் அங்கேதான். நன்னீரில் வைத்த செட்டிங்கை அப்படியே உப்புத் தண்ணீருக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலிலும் செலவு கூடியது கடைசியிலும் இருக்கும்.

எதைத் தொடும் முன்பும் கொப்பியில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: பெட்டரியின் வோல்ட், ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் முனையான டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குக் கீழே எத்தனை சென்ரிமீட்டர், கருவியில் கொடுத்திருக்கும் ஒலி வேகம், லெப்டொப் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது. இந்த நான்கும் தெரியாமல் எனக்குப் போன் எடுத்தால் நான் முதலில் கேட்பதும் இவைதான்.

## ஆழமே வரவில்லை, அல்லது எண் துள்ளுகிறது

படகை நிறுத்துங்கள். எஞ்சினையும் அணையுங்கள்.

நின்றதும் ஆழம் வந்துவிட்டதா? அப்படியானால் காற்றுக் குமிழி. டிரான்ஸ்டியூசர் எஞ்சின் விசிறிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது போதிய ஆழத்தில் இல்லை. படகின் நடுப்பக்கத்துக்கு மாற்றி, இன்னும் ஒரு சாண் இறக்கிக் கட்டுங்கள். இறக்கினால் அந்தப் புதிய அளவைக் கருவியிலும் மாற்ற வேண்டும். இதை மறப்பதால் வருவது அடுத்த தலைப்பில் உள்ள கோளாறு.

நின்ற பிறகும் வரவில்லையா? டிரான்ஸ்டியூசரைத் தூக்கிப் பாருங்கள். காசல்ரீயில் மீன் வலைத் துண்டு சுற்றியிருக்கும், கடலில் பாசி. துடைத்துவிட்டு இறக்குங்கள். பிறகு பெட்டரி. வாகன பெட்டரி ஒன்றுதான் படகில் இருக்கிறதென்றால், காலையில் நன்றாக ஓடிய கருவி மத்தியானத்துக்கு மேல் தடுமாறும். வோல்ட் 12க்குக் கீழே இறங்கியிருந்தால் மற்ற எதையும் தேட வேண்டாம், பெட்டரியை மாற்றுங்கள். அதற்கடுத்தது இணைப்பி. கடலில் ஒரு வாரம் இருந்த கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கும். நன்னீரில் கழுவி, காயவைத்து, மறுபடி பூட்டுங்கள்.

அப்புறம் ஆழ எல்லை. 40 மீட்டர் தண்ணீரில் நின்றுகொண்டு கருவியை 20 மீட்டருக்குப் பூட்டி வைத்திருந்தால் அது பாவம் என்ன செய்யும்? தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, எல்லையையும் ஒலிப் பெருக்கத்தையும் கையால் வையுங்கள்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டதென்றால், வேறு ஒரு டிரான்ஸ்டியூசரை இரவல் வாங்கி மாட்டுங்கள். அதில் வேலை செய்தால் உங்களுடையது செத்துவிட்டது. அதிலும் வராவிட்டால் பெட்டிக்குள் கோளாறு. அதை நீங்கள் திறக்க வேண்டாம், விற்ற முகவரிடம் அனுப்புங்கள். ஈரம் புகாத மூடியை ஒருமுறை கழற்றினால் அது மறுபடி பழையபடி மூடாது.

## ஆழம் வருகிறது, ஆனால் தவறு

இங்கே ஒரே ஒரு கேள்வி: தவறு எப்படி மாறுகிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு இரும்புத் தகடும், மீட்டர் குறித்த இரண்டு கயிறும் போதும். தகட்டை டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே 2, 5, 10 மீட்டரில் தொங்கவிட்டு, திரை என்ன சொல்கிறதென்று எழுதுங்கள். இருபது நிமிட வேலை. இதைச் செய்யாமல் தொடங்கும் படகில் நான் ஏறுவதில்லை.

எல்லா ஆழத்திலும் ஒரே அளவு பிழை. 2 மீட்டரிலும் 40 சென்ரிமீட்டர், 10 மீட்டரிலும் 40 சென்ரிமீட்டர் என்றால், டிரான்ஸ்டியூசர் அமிழ்ந்திருக்கும் அளவைக் கொடுக்கவில்லை. அல்லது இரண்டு தடவை கொடுத்திருக்கிறீர்கள், கருவியில் ஒன்று, மென்பொருளில் இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம். ஏதாவது ஒன்றில் பூச்சியம் வையுங்கள்.

ஆழம் கூடக்கூடப் பிழையும் கூடுகிறது. ஒலி வேகம். 20 பாகை நன்னீரில் ஒலி விநாடிக்கு 1,482 மீட்டர் போகும். வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடலில் அது சுமார் 1,540. காசல்ரீயின் எண்ணோடு மாலைதீவில் இறங்கினால், 20 மீட்டர் ஆழத்தை 19.25 என்று காட்டும். முக்கால் மீட்டர் போய்விட்டது, ஆனால் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். எனக்கு வரும் அழைப்புகளில் முதலிடம் இதற்குத்தான். தகடு சரியான எண்ணைக் காட்டும் வரை ஒலி வேகத்தை மாற்றுங்கள். 30 மீட்டருக்கு மேல் ஆழமான இடத்தில் தகடு நீரோட்டத்தில் சாய்ந்துவிடும். அங்கே ஒலி வேகம் அளக்கும் கருவியை வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

காலையில் சரி, மாலையில் பிழை. நீர் மட்டம். நீர்த்தேக்கத்தில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மட்டம் இறங்கும், அளவுகோலைப் பார்த்து எழுதுவோம். கடலில் அதே வேலையை வற்றுப்பெருக்கு செய்கிறது. மாலைதீவில் அது ஒரு மீட்டர் அளவுதானே என்று அலட்சியமாக இருப்பார்கள். இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. மாலைதீவு நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்னால். ஹட்டனில் வாங்கிய லெப்டொப் இலங்கை நேரத்தில் ஓடும், மட்டம் எழுதுகிற பையன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த ஊர் நேரத்தை எழுதுவான், ஜிபிஎஸ் கிறீன்விச் நேரத்தில் பதியும். மூன்று கடிகாரம்! தண்ணீர் வேகமாக ஏறும் வேளையில் அந்த அரை மணி 10 சென்ரிமீட்டர் வரை பிழை தரும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்ரிமீட்டர் என்றால் 100,000 கன மீட்டர் மணல், கணக்கில் மட்டும் இருந்து கடலில் இல்லாத மணல். எல்லாக் கடிகாரத்தையும் கிறீன்விச் நேரத்துக்கு மாற்றுங்கள், கைக்கடிகாரம் உட்பட.

## போன கோடும் வந்த கோடும் பொருந்தவில்லை

ஒரே சரிவின் மேல் வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை ஓட்டுகிறீர்கள். இரண்டிலும் மேடு வேறு வேறு இடத்தில் தெரிகிறது.

ஜிபிஎஸ் அன்டெனா டிரான்ஸ்டியூசருக்கு நேர் மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த இரண்டு மீட்டரைக் கொடுக்க வேண்டும். அது சரியென்றால் தாமதம். அதாவது ஆழம் ஒரு கணத்திலும் இடம் இன்னொரு கணத்திலும் பதிகிறது. அதே கோட்டை ஒரே திசையில் மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை ஓட்டுங்கள். வேகம் கூடும்போது விலகலும் கூடினால் தாமதம்தான். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அரை விநாடி தாமதம் இருந்தால், போகவும் வரவும் சேர்த்து 2 மீட்டர் பிரியும். எண்ணைக் கொடுத்துத் திருத்திவிடலாம், செலவில்லை.

## படகு வரைபடத்தில் எங்கோ நிற்கிறது

இதற்குப் பயப்படவே வேண்டாம். பிழை எவ்வளவு பெரியதோ அவ்வளவு சுலபம்.

இரண்டு அச்சிலும் 300 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறதா? வரைபடத்தில் இடத்தை மீட்டர் எண்ணால் குறிக்கும் கட்டம் இலங்கையில் இரண்டு உண்டு; பழைய கட்டமும் 1999இன் புதிய கட்டமும் கலந்துவிட்டன. இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி நம் பீதுருதாலகால மலைதான். ஆனால் பழையதில் அந்தப் புள்ளிக்கு 200,000 என்றும் புதியதில் 500,000 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள்.

மாலைதீவில் படகு பல நூறு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டதா? உலகத்தை வலயங்களாகப் பிரிக்கும் யூடிஎம் கட்டத்தில் இலங்கைக்கு வலயம் 44, மாலைதீவுக்கு 43. மாற்றுங்கள். அட்டு, புவாமுலா பக்கம் வேலை என்றால் நீங்கள் நிலநடுக்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அங்கே 43 தெற்கு என்று வைக்க வேண்டும். வடக்கு என்று விட்டால் எண் கழித்தலில் வரும், அல்லது படகு 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

கிடையாக எல்லாம் சரி, உயரம் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல இருக்கிறதா? கல்கிசைக் கடலில் நிற்கும் படகின் உயரம் கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி பழுதில்லை. ஜிபிஎஸ் அளப்பது பூமியை ஒழுங்கான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்ட உயரம், கடல் மட்டம் வேறு. உலகிலேயே இந்த வித்தியாசம் மிகக் கூடுதலாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலில்தான், அங்கே 100 மீட்டரையும் தாண்டும். காசல்ரீ அணைக்கட்டில் நின்றாலும் அதே அளவுக்குக் குறைத்துத்தான் காட்டும். இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் சொல்லும் புவியுரு மாதிரியை மென்பொருளில் சேர்த்தால் தீரும். சேர்த்த பிறகும் அரை மீட்டர், ஒரு மீட்டர் நிற்கிறதென்றால் அதை நீங்களாகத் தள்ளிச் சரிக்கட்டாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூப்பிட்டு, உயரம் தெரிந்த மட்டக்கல்லில் வைத்துச் சரிபாருங்கள்.

## தரை சலவைப் பலகைபோல அலை அலையாக வருகிறது

காசல்ரீயில் பழகியவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். மணலடியில் உண்மையாகவே அலைவரி இருக்கலாம், படகு ஏறி இறங்குவதும் அப்படியே தெரியும். பிரித்தறிய அதே கோட்டை எதிர்த் திசையில் ஓட்டுங்கள். மேடு பள்ளம் அதே இடங்களில் நின்றால் அது மணல். இடம் மாறினால் படகின் ஆட்டம். தரைக்குப் பத்தடி மேலே நீந்திப் பார்க்கிற சுழியோடி இருந்தால் அது இன்னும் நிச்சயம்.

ஆட்டம்தான் என்றால், அலை படுத்திருக்கும் அதிகாலையில் ஓட்டுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்குக் கரையில் சிறு படகை வைத்துக்கொண்டு அளக்க நினைப்பது காசைக் கடலில் போடுவது. டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். அதற்கும் நேரமில்லை என்றால்தான் படகின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி. விலை கூடியது, வாடகைக்கே எடுங்கள்.

## ஒற்றை ஊசிபோல ஒரு மேடு

மென்பொருளில் 'குப்பை' என்று அழிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் ஒரு பயிற்சி நாள். ஒரு தங்கச்சி அழகாகச் சுத்தம் செய்து கொடுத்த வரைபடத்தில், நான் எதிர்பார்த்த ஒரு மேடு இல்லை. "அதுவா அண்ணா, ஸ்பைக் மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றாள். அவள் எடுத்தது நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தில் மிஞ்சிய கட்டடம் ஒன்றை. தண்ணீர் வற்றும் காலத்தில் அங்கே பழைய கோயில் வெளியே தெரிவதை ஊரே போய்ப் பார்க்கும். களப்பில் அதே ஊசி, முருகைக்கல் தூணாக இருக்கும். மணல் அள்ளும் கப்பலின் உறிஞ்சுகுழாய் அதில் மோதினால் யார் தலை உருளும்?

அந்த இடத்தைக் குறுக்காக இன்னும் இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டிலும் வந்தால் அழிக்காமல் விடுங்கள், அது உண்மையான பொருள். ஒன்றிலும் வராவிட்டால் மீன் கூட்டமோ குமிழியோ, அழிக்கலாம்.

## தரைக்குக் கீழே எதுவும் தெரியவில்லை

இதுவரை மேற்பரப்பு. மணல் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று பார்க்க தரைக்குள்ளும் ஒலியை அனுப்பும் சப்-பொட்டம் ப்ரொபைலரை இறக்குவோம். பையன்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

படம் முழுக்க செங்குத்துக் கோடுகள். மின் இரைச்சல். ஜெனரேட்டரையும் இன்வேர்ட்டரையும் அணைத்துவிட்டு, தனி பெட்டரியில் ஓட்டிப் பாருங்கள். போய்விட்டதா? பூமிக் கம்பியைத் தண்ணீருக்குள் விடுங்கள், கேபிள்களைப் பிரித்துப் போடுங்கள். எக்கோ சவுண்டரும் கூடவே ஓடுகிறதென்றால் அதையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

கீழே ஒரு தெளிவான அடுக்கு தெரிகிறது, சந்தோஷம். அவசரப்படாதீர்கள். தரை 6 மீட்டரில், அடுக்கு சரியாக 12 மீட்டரில் என்றால் அது அடுக்கே அல்ல. ஒலி மேற்பரப்பில் பட்டு மறுபடி கீழே போய் வந்த இரட்டை எதிரொலி. தரை ஒரு மீட்டர் உயரும் இடத்தில் இந்தக் கோடு இரண்டு மீட்டர் உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால் பொய்க்கோடு. இதை 'ஆறு மீட்டர் மணல்' என்று அறிக்கையில் எழுதி அனுப்பிய ஒரு நிறுவனத்தின் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

தரைக்குக் கீழே பால் கொட்டியதுபோல மங்கல். காசல்ரீயின் ஓடை வாயில்களில் இதுதான் வரும். மழையில் வந்து சேர்ந்த இலையும் தோட்டத்து மண்ணும் அடியில் அழுகி வாயு உண்டாகியிருக்கிறது. ஒலி அதைத் தாண்டாது. ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட மூங்கிலால் குத்துங்கள், குமிழி கிளம்பும். தீவுகளிலும் கண்டல் மரமும் கடற்புல்லும் சூழ்ந்த மூடிய களப்பில் இது வரலாம். கருவியை மாற்றிப் பயனில்லை, கோட்டை வேறு பக்கம் நகர்த்துங்கள். வாயு இருக்கும் இடம் பெரும்பாலும் சேறு, உங்களுக்கு வேண்டிய மணல் அங்கே இருக்காது.

தரை கன்னங்கரேலென்று, கீழே வெறுமை. இரண்டில் ஒன்று. ஒன்று, பருத்த முருகை மணல். 2 முதல் 16 கிலோஹேர்ட்ஸ் வரை ஓடும் சேர்ப் (chirp) வகை ப்ரொபைலர் சேற்றில் நன்றாக இறங்கும், பருமணலில் சீக்கிரமே களைத்துவிடும். மற்றது, இறுகிப்போன முருகைப் பாறை. இரண்டும் திரையில் அண்ணன் தம்பி மாதிரி. அதிர்வெண்ணைக் குறைத்துப் பாருங்கள். பிறகு மலிவான சோதனை: ஒரு சுழியோடி, ஒரு தண்ணீர்ப் பம்பு, ஒரு நீண்ட இரும்புக் குழாய். தண்ணீரைப் பீச்சிக்கொண்டே குழாயை இறக்கினால் மணலில் வெண்ணெய்போல இறங்கும், பாறையில் 'டங்' என்று நிற்கும். எத்தனை மீட்டரில் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்து இடத்தில் குத்தியும் குழப்பம் தீராவிட்டால் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிக்கும் பூமர் வகைக் கருவியோடு ஒரு கடல் புவியியலாளரைக் கூப்பிடுங்கள். அவருடைய ஒரு நாள் கூலி, மணல் அள்ளும் கப்பல் ஒரு மணி நேரம் சும்மா நிற்கிற செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

தடிப்பு வருகிறது, குழாய்ச் சோதனையோடு ஒத்துப்போகவில்லை. மணலுக்குள் ஒலி தண்ணீரைவிட வேகமாகப் போகும். ஒலி போய்த் திரும்பும் 4 மில்லிவிநாடி இடைவெளியில் பாதியை 1,540ஆல் கணக்கிட்டால் 3.08 மீட்டர், 1,650 என்று எடுத்தால் 3.3. எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். குழாய் சொன்ன ஆழத்தை வைத்து அந்த எண்ணைத் திருத்துங்கள்.

## படத்தில் மணல், கையில் வேறு

எல்லாக் கருவியும் சரி, படமும் அழகு, ஆனால் மேலே வந்தது மாவுபோலச் சேறு. கருவி எதிரொலியைத்தான் கேட்கும், மணலைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

எதை வைத்து எடுத்தீர்கள்? வாய் பிளக்கும் கவ்வி மேலே உள்ள ஒரு சாண் மண்ணைத்தான் அள்ளும். மேலே வெள்ளை மணலும் அரை மீட்டருக்குக் கீழே சேறும் இருப்பது களப்பில் சாதாரணம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிய அதிர்வுக் குழாயால் முழு நெடுக்கும் மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு மேடை, பளு தூக்கி, பழகிய ஆட்கள் எல்லாம் வேண்டும். இதை நீங்களே செய்ய முயல வேண்டாம்.

அவர்கள் வரும் முன் வாளியில் செய்யக்கூடிய சோதனைகள்: ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் கீழே உட்கார்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி நின்றால் தூள் அதிகம். அதைக் கரையில் கொட்டினால் முதல் அலையே அள்ளிக்கொண்டு போய் முருகைக்கல்லின் மேல் படிய வைக்கும். அடுத்து தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி ஒரு சொட்டு. நுரைத்தால் முருகை, சிப்பி மணல். நுரைக்காவிட்டால் நம் மேற்குக் கரையில் இருப்பதுபோல படிகக்கல் மணல். எந்தக் கரையில் கொட்டப்போகிறீர்களோ அந்தக் கரை மணலிலும் ஒரு பிடி எடுத்து இதையே செய்யுங்கள். பிறகு இரண்டையும் காயவைத்து ஒரே அரிதட்டுகளில் சலியுங்கள். கடலடி மணல் கரை மணலைவிட மெல்லியதாக இருந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கரையோரப் பொறியியலாளரிடம் கேளுங்கள். கொஞ்சம் பருமனாக இருந்தால் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடரலாம். சாம்பல் நிறம் மட்டும்தான் குறை என்றால் அதை ஒரு குறையாக எடுக்காதீர்கள். ஒரு பிடியை வெயிலில் பரப்பி வையுங்கள், பெரும்பாலும் வெளுக்கும்.

இலங்கைக் கடலில் என்றால், அள்ளுவதற்கு முன் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதியும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். படம் வரைந்தவனிடம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள், ஆனாலும் நீங்கள் கேட்டு வையுங்கள்.

மாதிரிப் பைகளைப் பற்றி ஒன்று. பையின் மேலே மார்க்கரால் எழுதியது உப்புத் தண்ணீரில் அழியும். பென்சிலால் எழுதிய சீட்டை இன்னொரு சிறு பையில் போட்டு, அதை மாதிரிப் பைக்கு உள்ளேயும் வையுங்கள்: இடம், ஆழம், நேரம், குழாயின் எந்தப் பக்கம் மேல். போன வருடம் எனக்கு ஏழு பை மண் வந்தது, ஏழிலும் ஒரு எழுத்து இல்லை. எந்தக் குழாய் என்று தெரியாததால் படகு மறுபடி போக வேண்டியதாயிற்று.